சத்தத்தை அணைத்துப் பார்த்த செய்தி

மார்ச் 12, வியாழன்.

இன்று வீட்டுப்பாடத்தைத் தவறாகச் செய்துவிட்டேன்.

மாலை வகுப்பு ஆசிரியர் சொன்னது வேறு. ஒரே விஷயத்தைப் பற்றிய இரண்டு செய்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது, யார் எதை மறைக்கிறார், எதில் தவறுகிறார் என்று எழுத வேண்டும்.

நான் போனில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தேன்.

இயர்போன் பழுது. பெரிய டிவிக்காரர்களின் குரல் வீட்டில் கேட்கக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். அவர் உள்ளறையில் படுத்திருந்தார்.

சட்டம் நியாயமானதுதான். அண்ணனும் அண்ணியும் பாட்டில் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து அந்த டிவி எங்கள் போராட்டப் பந்தலில் இருக்கும் கூட்டத்தை ஒருநாளும் முழுதாகக் காட்டியதில்லை. வாசலில் நின்றுபோன லாரிகளைத்தான் காட்டும்.

அதனால் நாங்கள் நம்புவது தொப்பிக்காரரின் யூடியூப் சேனலை. அவர் பந்தலில் எங்களோடு தரையில் உட்கார்ந்து பேசுகிறவர்.

திங்களன்று டிவியில் ஒரு தொழிலாளியின் பேட்டி வந்தது. முகத்தை மங்கலாக்கி, குரலை மாற்றியிருந்தார்களாம். சங்கம் மிரட்டித்தான் எங்களை உட்கார வைத்திருக்கிறது என்றாராம். அதைக் காரணம் காட்டி நிர்வாகம் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது.

அவன் கூலிக்கு வந்த நடிகன் என்று தொப்பிக்காரர் அன்றே சொல்லிவிட்டார். பந்தல் முழுக்க நம்பியது. நானும்தான்.

அந்தப் பேட்டியைத்தான் இன்று பார்த்தேன்.

முகம் இல்லை. குரலும் இல்லை. பார்ப்பதற்கு மிச்சமிருந்தது கைகள்தான்.

நீலச் சட்டை. இடது கை மடிப்பில் ஒரு பழுப்புப் பொத்தான். மற்றதெல்லாம் வெள்ளை.

பழுப்புப் பொத்தான் உலகத்தில் ஒன்றுதானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பின்னால் நகர்த்தி மறுபடி ஓடவிட்டேன். பேசப்பேச, கட்டைவிரல் அந்தப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

போன மாதம் வெள்ளை கிடைக்காமல் நான்தான் அதைத் தைத்தேன். திருகித் திருகி அறுத்துவிடாதீர்கள் என்று அண்ணனிடம் சொல்லியும் இருந்தேன்.

அப்போது அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றார். திரையை அணைத்தேன்.

“என்னடி படிப்பாளி, அந்த வாடகை நடிகனா? நாளைக்குப் பந்தல்ல பெரிய திரை கட்டி தொப்பிக்காரர் இதைத்தான் போடப் போறாராம். அவன் யாருன்னு அங்குலம் அங்குலமா பாத்துடுவோம், நீயும் வா.”

“நடிகன் மாதிரிதான் இருக்கு, அண்ணி.”

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

அண்ணி சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போனார். பந்தலில் அவர் தினமும் முதல் வரிசையில், அண்ணன் பக்கத்தில் உட்காருகிறார்.

வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன். டிவி எதை மறைத்தது என்ற இடத்தில் ‘கூட்டத்தை’ என்று எழுதினேன். தொப்பிக்காரர் எதில் தவறினார் என்ற இடத்தில் ‘எதிலும் இல்லை’ என்று எழுதினேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். போன வாரம்வரை அண்ணி திட்டுவதற்காகவே அந்த டிவியைப் போடுவார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பேட்டி வந்தது திங்கள். வீட்டில் சட்டம் வந்தது செவ்வாய்.

நாளை: அண்ணன் பந்தலுக்குக் கிளம்புவதற்குள் நீலச் சட்டையின் பழுப்புப் பொத்தானைப் பிரித்துவிட்டு வெள்ளைப் பொத்தான் தைக்க வேண்டும்.