சூசைமுத்துவுக்குக் குளிர் ஆகாது

சூசைமுத்து இறந்த மதியத்திலிருந்து வீட்டில் கரண்ட் போய்ப்போய் வந்தது. மகள் ஷைனி துபாயிலிருந்து வந்து சேர மறுநாள் காலையாகிவிடும். அதுவரை உடலை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டி ஓடியாக வேண்டும். திண்டுக்கல்லில் அது மே மாதம்.

எலக்ட்ரீஷியன் ரொனால்டு மோட்டார், மிக்ஸி, ஃபேன் என்று ஒவ்வொரு லைனாகக் கழற்றினான். பெட்டி மட்டும் மிச்சமிருந்தபோதும் கரண்ட் போனது. வேறு பெட்டி வந்தது. அதற்கும் அதே கதி. துக்க வீட்டில் இன்ஜினியருக்குப் பஞ்சமில்லை. கரண்ட் போனதும், எது விழுந்ததென்று ரொனால்டு பார்க்குமுன் யாராவது முந்திக்கொண்டு எல்லாச் சுவிட்சையும் மேலே தள்ளிவிடுவார்கள்.

அடுத்த முறை ரொனால்டு முந்திக்கொண்டான். கோளாறு வந்தால் தானாக விழும் டிரிப்பர் மேலேயேதான் நின்றது. கீழே கிடந்தது மெயின் சுவிட்ச். என்ன கோளாறு வந்தாலும் அது தானாக விழாது. கை வைத்துக் கீழே தள்ளி அமர்த்தினால்தான் உண்டு. தொட்டான். ஐஸாகக் குளிர்ந்து, ஈரமாக இருந்தது.

"அத்தே, மெயினை யாரு அமத்துனது?"

"வேற யாரு, அவருதேன்" என்றார் சகாயசெல்வி, கணவரின் தலைமாட்டிலிருந்து. "ஏசி போட்டாலே குளிருதுன்னு எந்திரிச்சுப் போயி மெயினையே அமத்திப்புடுவாரு. சொன்னாக் கேக்குற ஆளா?"

சொல்லி முடித்த பிறகுதான் இருவரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

சகாயசெல்வி பச்சைக் கம்பளியை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, அவருக்கு இடுப்புவரை போர்த்திவிட்டார். அதன்பின் கரண்ட் போகவில்லை.

ஷைனி வரும்வரை மூடியை யாரும் தொடவில்லை. காலையில் கம்பளி கழுத்துவரை ஏறியிருந்தது. ஜெபமாலை சுற்றிய விரல்கள் அதன் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தன.