கட்டில்மேல் ஏறிய வீடு

"உன் பார்க் மூழ்கிப்போச்சாம்டி" என்றாள் மாமியார். மழைக்குப் பயந்து சாமான்களையெல்லாம் கட்டில்மேல் ஏற்றியதில் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பெருமழை பெய்தாலே இதே பிழைப்பு.

நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் சரிந்த மருமகள், "முழுசாவா?" என்றாள்.

"ஊஞ்சல் சங்கிலிதான் தெரியுதாம். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா. என் மருமக பிளான் வரைஞ்ச பார்க்குன்னு அவகிட்டதான் தம்பட்டம் அடிச்சேன்."

மருமகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. தட்டில் சாப்பாடு ஆறுவது தெரியாமல் அந்தப் பெண் வரைந்துகொண்டிருந்தது மாமியாருக்கு நினைவு வந்தது. திட்ட வந்த வாய் தானாகத் தணிந்தது.

"விடும்மா, யானைக்கும் அடி சறுக்கும். இதுக்காக வேலையை விட்டுத் தூக்கிடவா போறாங்க?"

மருமகள் கையை எடுத்தாள். கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மூழ்கணும்னுதானே அதை ஆளுயரப் பள்ளமா தோண்டச் சொன்னேன்! தெருத்தண்ணி வீட்டுக்குள்ள வராம அங்க போய் நிக்கட்டும்னு. எங்க மூழ்காமப் போயிடுமோன்னு காலையிலேர்ந்து எனக்கு உயிரே இல்ல."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. 'பள்ளத்துல போய் யாராவது பார்க் கட்டுவாங்களா'ன்னு நீங்கதான் சிரிச்சீங்க."

மாமியார் குனிந்து பார்த்தாள். இந்நேரம் கணுக்காலளவு தண்ணீர் நிற்கவேண்டிய கூடத்தில் மருமகளின் செருப்புத் தடம் மட்டுமே ஈரமாக இருந்தது.

"சரி சரி, ஒரு கை பிடி" என்றாள். "இதையெல்லாம் இறக்கணும்."