எடுத்துவிட்ட வரி

அச்சாகி வந்த கதையை வல்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே படித்து முடித்தாள். குணாளன் தன் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் சீவிச் சீவி அவன் சிறிதாக்கிய கதை அது.

"ஏங்க, கதையில அவ கொழந்தையோடவா கெணத்துல குதிச்சா?"

"எந்தக் கொழந்தை?"

"மொதல்ல அழுவுதுன்னு தூக்கி இடுப்புல வெச்சாளே. அப்புறம் எறக்கவே இல்லையே."

அவன் பத்திரிகையைப் பிடுங்கிப் பார்த்தான். பிறகு உள்ளே ஓடிப் பழைய தாள்களைக் கலைத்தான். 'குழந்தையைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் கொல்லைக் கிணற்றுக்கு நடந்தாள்.' அதன்மேல் அவனுடைய சிவப்புக் கோடு. அந்த வரி போனதும் கதைக்கு எப்படி ஒரு வேகம் வந்துவிட்டதென்று அன்று பூரித்துப் போயிருந்தான்.

"தொட்டில்ல போட்டுட்டுத்தான் போனா, வல்லி. நான்தான் அந்த வரிய எடுத்துட்டேன்."

"அப்போ அவ போடல" என்றாள்.

குழந்தை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தது. பக்கத்திலேயே தொட்டில் தொங்கியது.

"கை வலிக்கும். கெடத்தேன்."

அவள் கிடத்தவில்லை. குழந்தையோடு நடந்துபோய், கிணற்றடிக்குத் திறந்திருந்த கொல்லைக் கதவை உள்ளே தாழிட்டாள்.