உப்புத் தண்ணீர்

எங்கள் ஊர்க் குழாயில் மனத்தைச் சாந்தப்படுத்தும் மலர் மருந்து கலந்த தண்ணீர் வரத் தொடங்கியபின் யாரும் சண்டை போடுவதில்லை, அழுவதுமில்லை. என் கணவர் கோதண்டம் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள், கல்யாண வீட்டுக்கு வந்ததுபோல் மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கே ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அது உறுத்தியது, உறுத்தலும் லேசாகத்தான் இருந்தது.

காரியத்துக்கு வெளியூரிலிருந்து வந்த என் நாத்தனார் சுலோச்சனா மட்டும் நான் நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

“என்மேல கோபமா சுலோ?”

“இனிமேதான் வரணும் அண்ணி. எங்க ஊர்க் குழாய்லயும் இதே மருந்துதான். அண்ணனுக்காக அழணும்னு ஒரு வாரமா மருந்து கலக்காத போர் தண்ணிதான் குடிக்கிறேன். உங்களுக்கும் கொண்டாந்திருக்கேன்” என்று பெரிய கேன் ஒன்றை இறக்கி வைத்தாள்.

ஒரே உப்பு. காப்பியை வாயில் வைக்க முடியவில்லை. இருந்தும் அவளோடு சேர்ந்து நானும் அதையே குடித்து வந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: “அண்ணனுக்கு உங்க ரசம் பிடிக்கவே பிடிக்காது.”

“யாருடி சொன்னது? ரெண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பாரு மனுஷன்!”

கரண்டியோடு கத்தியபின்தான், இனி அவர் கேட்க மாட்டார் என்பது உறைத்தது.

“அப்பாடா, வந்துட்டீங்களா அண்ணி!” சுலோ ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் தெருவுக்கே கேட்கும்படி அழுதோம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு வைதேகி வாசலில் வந்து நின்றாள். எப்போதும்போலச் சிரித்த முகம்.

“போன வருஷம் எங்கம்மா போனாங்க” என்றாள். “எனக்கும் அதுல ஒரு டம்ளர் கிடைக்குமா?”