வீடு தேடி வந்த படிவம்

"வேண்டாம் உமா. எங்க ஓட்டை நாங்க ஏறிப் போயே போட்டுக்கிடுவோம். நீ டீயைக் குடிச்சுட்டுக் கெளம்பு."

சூசைமேரி இப்படி வெட்டிப் பேசுகிறவள் அல்ல. பக்கத்து வீட்டு விஜயகுமாரி உதறிய துணியையே மூன்றாம் முறை உதறிக்கொண்டு வேலியோரம் நகர்ந்து வந்தாள்.

உமா மகேஸ்வரி அங்கன்வாடி டீச்சர். கராச்சர்மா ஊரில் இந்தப் பக்கத்து வாக்காளர் பட்டியல் வேலையும் அவள் தலையில்தான்.

"எப்படி ஏறுவீங்க அக்கா? போன தடவையே ஸ்கூல் மேட்டுல பாதியில உட்கார்ந்துட்டீங்க. தபால் ஓட்டுப் படிவத்துல ஒரு கையெழுத்து போதும். சீட்டு, பெட்டி, கேமரா எல்லாத்தோடயும் ஆபீசருங்க வீட்டுக்கே வருவாங்க. உங்களுக்குத்தான் வயசு..."

"டீக்குச் சீனி பத்தலையா?" சர்க்கரை டப்பா மேஜையில் தடாலென்று விழுந்தது.

உள்ளே ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த கஸ்பார் தலையை நீட்டினார். போட் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ரிட்டையரானவர். கை சும்மா இருக்காது.

"புள்ள சொல்லுறதைக் கேளேன் மேரி."

"நீங்க செத்த சும்மா இருங்க."

உமா படிவத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். "கல் ஆக்ரி தின், அக்கா. நாளைக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்குள்ள குடுக்கலேன்னா முடிஞ்சது. இந்த முட்டியோட நீங்க மேடு ஏற முடியாது. ஓட்டு போயிடும்."

சூசைமேரியின் முகம் வாடியது. கல்யாணமாகிக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்திறங்கிய நாள் முதல் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. மை வைத்த விரலை மீன்காரனிடம்கூடக் காட்டுவாள்.

பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்? அன்று மாலைக்குள் தெருவே விசாரணைக் கமிஷன் ஆனது. பெட்டி மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள் சிலர். புதுப் புடவை கட்டி வரிசையில் நிற்கும் ஆசை என்றார்கள் சிலர்.

விஜயகுமாரியின் கட்சி வேறு. சூசைமேரி தன் வாக்காளர் அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, பீரோவைப் பூட்டி வைப்பவள். கட்டின புருஷனுக்குக்கூடக் காட்டியதில்லை. "போட்டோ அவ்வளவு அசிங்கமா இருக்கும். வீட்டுக்கு வந்தா எல்லாரும் பார்த்துருவாங்கல்ல?"

சூசைமேரிக்கு அழகு பற்றிய அக்கறை உண்டுதான். கஸ்பார் அங்கிள், அவள் அக்கா. அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது தெருவில் அவள் போட்ட சட்டம். "கட்டிக்கிட்டப்போ எனக்குப் பதினெட்டு, அவுகளுக்கு இருபத்தொண்ணு" என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

மறுநாள் காலை விஜயகுமாரி கறிவேப்பிலை கேட்டு வந்தாள்; வாங்கிய பிறகும் நகரவில்லை. அவள் வீட்டிலேயே மரம் இருந்தது, போகட்டும்.

கஸ்பார் படிவத்தை மனைவி முன் வைத்தார். "எல்லாம் நானே எழுதிட்டேன் மேரி. நீ கையெழுத்து மட்டும் போடு."

சூசைமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மும்முரமாகப் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். மூடி அவர் கையிலேயே இருந்தது.

"சேசுவே, ஒமக்கு நன்றி" என்று முணுமுணுத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துகள் கோணின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட உள்ளே போனாள்.

"உங்க படிவம் எங்கே அங்கிள்? நீங்க மட்டும் மேடு ஏறப் போறீங்களா?"

"எனக்கு எங்க தருவாக? எண்பத்தஞ்சு முடியணுமே விஜயா. எனக்கு எண்பத்துமூணுதான். அவளுக்குத்தான் எண்பத்தாறு."

விஜயகுமாரியின் கையிலிருந்த கறிவேப்பிலை கீழே விழுந்தது. "அங்கிள், இது உங்களுக்கு..."

"மெதுவாப் பேசு. கல்யாணத்துக்கு அவ பொறந்த தேதி போட்ட ஞானஸ்நானச் சீட்டைக் கோயில்ல வாங்கிட்டு வந்தவனே நான்தான்" என்றார் கஸ்பார். "ஆறு வயசைக் குறைச்சுச் சொல்லியாவது என்கூடக் கப்பலேற வந்தாளே, அந்த நன்றிக்குத்தான் அறுபத்திரண்டு வருஷமா வாயைத் தொறக்கல."