விரல்கடை

ஒரே ஒருமுறை அவன் கத்தியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள்.

அவன் கத்தவேயில்லை. அதுதான் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

தறிக்காரர்கள் எல்லோரும் இரைந்துதான் பேசுவார்கள். கொழுந்தன் செங்கோடன் மட்டும் குரலை உயர்த்துவதில்லை. தறிச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே அவள் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று இட்லி மாவுத் தூக்குவாளியோடு வந்திருந்தான். அவன் மனைவி கொடுத்தனுப்பியது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய எட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இன்னும் நான்கு போட வேண்டுமாம். வீடு இருவர் பெயரிலும் இருந்தது. கூடுதல் மின் இணைப்புக்கு அவள் சம்மதக் கடிதம் தர வேண்டும்.

இடுப்புயர அலமாரியின் மேல் பித்தளைத் தம்ளர் நடுங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் அது அசைந்ததில்லை. போன வருடம் அவன் தறிகளின் புல்லிச் சக்கரத்தை மாற்றினான். தறிகளின் வேகம் கொஞ்சம்தான் கூடியது. அந்த வேகம் அலமாரிக்குப் பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து தம்ளர் நடக்கிறது. காலையில் சுவரோரம் வைத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் விளிம்புக்கு வந்துவிடும்.

புளியமரம் மேலே சாய்ந்து விழுந்தபோதும் நின்ற சுவர். இப்போது அதில் ஒரு விரிசல். அது எங்கே முடிகிறதோ அங்கே மாதம் ஒரு பென்சில் கோடு போட்டு வருகிறாள். கோட்டுக்குக் கோடு ஒரு விரல்கடை தூரம்.

கணவர் இறந்த மறுவருடம் செங்கோடன் புழக்கடையைக் கேட்டான். பிறகு மாட்டுக்கொட்டகை. பிறகு சமையலறை ஜன்னலை அடைத்துக்கொள்ளலாமா என்று.

எதையும் பிடுங்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், இதே நாற்காலி, இதே குரல்.

“ஒரு கையெழுத்துதானுங்க அண்ணி. நாலு தறி கூட ஓடுனா மலையா பேந்துரும்?”

கடிதத்தை அலமாரிமேல் விரித்தான். பேனாவை அதன்மேல் வைத்தான்.

பேனா நடுங்கியது. மெல்ல உருண்டது.

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

விளிம்பில் தம்ளரும் இருந்தது. அவள் கை நீட்டித் தம்ளரைப் பிடித்தாள்.

பேனா விழுந்தது. சத்தமே கேட்கவில்லை.

அவள் குனியவில்லை. தம்ளரைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை உருவினாள்.

அவன் சிரித்துவிட்டான்.

“பென்சில்ல போட்டாச் செல்லாதுங்க அண்ணி.”

அவள் கடிதத்தைத் தாண்டிப் போனாள். சுவரருகே நின்று, விரிசலின் நுனியைக் கண்ணால் தேடி, இந்த மாதத்துக் கோட்டைப் போட்டாள்.