துணைவேந்தர் நட்ட மாமரம்

"துணைவேந்தர் நட்ட மாமரம், 1952" என்ற பலகையைப் பார்க்கும்போதெல்லாம், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் ரெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு நாள் மண்ணைத் தள்ளினவரு பேரு இருக்கு. இருபத்தேழு வருஷம் தண்ணி ஊத்தின தோட்டக்காரர் எங்கப்பா பேரு எங்கே சார்?" என்று மேலதிகாரி குணசீலனிடம் பாய்ந்தாள்.

"அவரே வந்து சொல்லட்டும், எழுதிடலாம் லா."

சனிக்கிழமையே தோ பாயோ வீட்டிலிருந்து அப்பா சவரிமுத்துவை இழுத்து வந்தாள். அம்மாவும் தொற்றிக்கொண்டாள்.

மரத்தடியில் குணசீலனைப் பார்த்ததும் அப்பாவுக்கு வியர்த்தது. "வேணாம் பாப்பா, விட்டுடு."

"பயப்படாதீங்கப்பா! உண்மையைச் சொல்லுங்க."

"ஐயா நட்ட கன்னு ரெண்டே வாரத்துல செத்துப்போச்சு சார். வேலை போயிடுமேன்னு, குப்பைமேட்டுல முளைச்ச கன்னு ஒண்ணைப் பிடுங்கி இங்க வச்சிட்டேன்."



"குப்பைமேட்டுல ஏது மாங்கன்னு?" என்றார் குணசீலன்.

"எனக்குச் சாப்பாடு கொண்டாரும்போதெல்லாம் இவ மாம்பழம் தின்னு கொட்டையை அங்கதான் வீசுவா." அப்பா அம்மாவைக் காட்டினார்.

குணசீலன் சிரித்தபடி பேனாவைத் திறந்தார். "உங்க பேரு சொல்லுங்கம்மா."

"அல்போன்சம்மாள். நான் தின்ன பழம் இனிப்பு சார். இந்த மரத்துப் பழம் புளிக்குதுன்னா, தண்ணி ஊத்தினவருதான் பொறுப்பு. அதுக்கு இவரு பேரைப் போடுங்க!"